நீக்கிய நாலு வரி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

மன்றத்தின் இந்த மாதச் செய்தித் தாளை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூலையில் இருக்கும் கறை பால்தான், பயப்பட வேண்டாம். சேகரிப்பு நிலையத்தில் காலைப் பால் அளந்து முடித்து, வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில்தான் எனக்கு எழுத்து வேலை. ஒரு கையில் லாக்டோமீட்டர், இன்னொரு கையில் பேனா. உங்களைப்போல ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்து, மேலாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆபீஸ் மிஷினில் இருபது நகல் எடுக்கிற யோகம் எனக்கில்லை. அண்ணன் மாற்றல் வாங்கிக்கொண்டு உங்களையும் கூட்டிப் போய் இரண்டு வருஷமாகிறது. நீங்கள் ஆரம்பித்த இளைஞர் மன்றம் என் தலையில் விடிந்ததற்கு அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சொல்லிவிடுங்கள்.

சேதிக்குக் குறைச்சலில்லை. பிள்ளைகளின் காய்கறிப் பாத்தியில் வெண்டை பூத்துவிட்டது. நர்சம்மா வந்து முதலுதவி சொல்லிக்கொடுத்தாள். இரும்புக்கடைக்காரர் மகன் வீட்டுக்குப் போய் அப்பாவுக்கே கட்டுப்போட்டுப் பழகியதில், மறுநாள் அவர் தலையிலும் கையிலும் துணியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். துக்கம் விசாரிக்கவே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இதையும் போட்டிருக்கிறேன், வெட்டிவிடாதீர்கள்.

முக்கியமான விஷயம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. தையல்காரம்மா வீட்டு ஆடுகளுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண். இரண்டு செத்துவிட்டன. மாட்டு டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஆட்டுக்கொல்லி நோயா இருக்கலாம். சாம்பிள் அனுப்பியிருக்கேன், முடிவு வர நாளாகும். அந்த ஆடுங்களோட மேஞ்சது எதையும் எடை நாளைக்கு ஓட்டிட்டு வர வேணாம்னு உங்க தாள்ல போட்டுடுங்க." எடை நாள் பதினைந்தாம் தேதி. எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் வளர்க்கிற ஆடுகளைப் பள்ளி மைதானத்துக்கு ஓட்டி வருவார்கள், எடை போட்டு அன்றைக்கே எல்லாவற்றுக்கும் டாக்டர் தடுப்பூசி போடுவார். வாய்க்கால் கரையில் தையல்காரம்மா ஆடுகளோடு சேர்ந்து மேய்வது லாரி டிரைவர் மகளின் இரண்டு ஆடுகள்தான். சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாளே, நீங்கள் கூடப் பூனை என்று பெயர் வைத்தீர்களே, அவள்தான். பன்னிரண்டு வயதாகிவிட்டது. இப்போதும் அப்படித்தான் வந்து நிற்கிறாள்.

நாலே வரியில் எழுதியிருக்கிறேன். பார்த்து அனுப்புங்கள்.

உங்கள்
வாயாடி

*

ஜூன் 9

வாயாடிக்கு,

இருபது நகலும் இதோடு வருகின்றன. இரும்புக்கடைக் கட்டு அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்தார். கோபத்தைச் சொன்னேன், அதற்கும் சிரித்தார்.

கடைசி நாலு வரியை நான் எடுத்துவிட்டேன். படித்ததும் உனக்கு மூக்கு விடைக்கும் என்று தெரியும், முழுசாகப் படி. மன்றம் தொடங்கிய முதல் வருஷம் ஒரு பையன் வளர்த்த கோழிகள் சீக்கு வந்து செத்ததைத் தாளில் போட்டேன். மற்றவர்கள் கவனமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அவன் அப்பா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "ஊரே சிரிக்கும்படி பண்ணிட்டீங்களே"ன்னு வாசலில் நின்று கத்தினார். கூண்டை உடைத்தார். அந்தப் பையன் அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தத் தாளில் பிள்ளைகள் செய்த நல்லது மட்டும்தான் வரும். அவர்கள் வீட்டில் கெட்ட சேதி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. எடை நாளன்று மாவட்ட அதிகாரி வருகிறார். பதினைந்து குடும்பங்களுக்குக் குறைந்தால் மன்றத்தை எடுத்துவிடுவதாகப் போன வருஷமே எழுதிக்கொடுத்துவிட்டார். நோய் என்று ஒரு வார்த்தை அச்சில் வந்தால் பாதிப்பேர் வாசலைத் தாண்ட மாட்டார்கள். டாக்டரே சந்தேகம் என்றுதானே சொல்கிறார்?

ஒரே ஒரு வீட்டு ஆடுதான் சேர்ந்து மேய்கிறது என்கிறாய். அந்த வீட்டுக்கு நீ நேரில் போய்ச் சொல்லிவிடு. காதோடு காதாக முடிகிற விஷயம்.

அன்புடன்
அண்ணி

*

ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

எடை நாள் நல்லபடியாக நடந்தது. பதினெட்டுக் குடும்பம், முப்பத்து நாலு ஆடு. தராசை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆட்டைச் சாக்குத் தொட்டிலில் உட்கார வைத்து, எடையைச் சத்தமாகப் படித்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டது. அதிகாரி நல்ல மாதிரி மனுஷர்தான். போகும்போது, "இது இருக்கணும்மா"ன்னு சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

டிரைவர் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், தாள் கட்டு வந்ததுமே போனேன். பூட்டியிருந்தது. அந்தம்மாவுக்கு மில்லில் மாலை ஷிப்டாம். தாளைக் கதவுக்கடியில் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் போகலாம் என்றிருந்தேன், நிலையத்துக் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோய் முந்நூறு லிட்டர் பாலோடு மல்லுக்கட்டியதில் பொழுது போய்விட்டது. அதற்கு மறுநாள் மைதானத்தைச் சுத்தம் செய்தோம்.

பூனையும் வந்திருந்தாள். அவள் ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் மூக்கு லேசாக ஒழுகியது.

வாயாடி

*

ஜூலை 2

அண்ணி,

பதினோரு ஆடுகள் செத்துவிட்டன. பூனையின் ஆடுகள்தான் முதலில் போயின. அப்புறம் இரும்புக்கடைக்காரர் வீடு. அப்புறம் ஒவ்வொரு வீடாக. முடிவும் வந்துவிட்டது, ஆட்டுக்கொல்லியேதான். ஊசி போட்டும் ஏன் என்று எல்லாரும் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஊசி வேலை செய்யப் பத்து நாளாவது ஆகும். அதுக்குள்ள நோய் முந்திக்கிச்சு"ன்னு சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வரமாட்டேன் என்கிறார்கள். கொட்டிலிலேயே உட்கார்ந்து கஞ்சித் தண்ணீரைக் கையால் ஊட்டுகிறார்கள். ஆடு வாயைத் திறப்பதில்லை. எடை எழுதிய நோட்டைக் கொண்டுவந்து, "இனிமே என்ன எழுதணும்க்கா?"ன்னு ஒருத்தி கேட்டாள்.

ஜூலை மாதத் தாளுக்கு என்ன எழுத?

*

ஜூலை 8

வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலைத் தாள் வேண்டாம். ஒரு மாதம் போகட்டும்.

உன்மேல் பழி போடுவதாக நினைக்காதே. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல் என்று நான் எழுதினேன். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரலாமே. மில் வாசலில் போய் நிற்கலாமே. இரண்டு நாள் முழுசாக இருந்ததே உனக்கு. அன்றைக்கு மைதானத்தில் அந்தப் பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட, நீ ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூக்கு ஒழுகியதை நீ பார்த்திருக்கிறாய். பார்த்ததை எனக்கு எழுதவும் செய்திருக்கிறாய்.

உன் அண்ணன் இதை அனுப்பாதே என்கிறார். அனுப்பாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அண்ணி

*

ஜூலை 14

அண்ணிக்கு,

ஆமாம், பார்த்தேன். நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட ஆரம்பிக்கும் முன் டாக்டர் என்னிடம், "சேந்து மேஞ்சதுங்க எதுவும் வரலியே? தாள்ல போட்டீங்கல்ல?"ன்னு கேட்டார். நான் தலையாட்டினேன். அதிகாரி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். பதினெட்டுக் குடும்பம் என்று அப்போதுதான் எண்ணி முடித்திருந்தார்.

தாள் கட்டு வந்தபோது அந்த நாலு வரி இல்லை என்று பார்த்ததும் நானே பேனாவை எடுத்திருக்கலாம். இருபது தாள்தானே, அரை மணி நேர வேலை. எடுக்கவில்லை. நீங்கள் அங்கிருந்தே எல்லாம் தெரிந்தவர், அச்சில் வந்ததைத் திருத்த நான் யார் என்று இருந்துவிட்டேன். இப்போது நீங்கள் மில் வாசலைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள். நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள். வாசல் வாசலாகப் போய் முகத்தைக் காட்டுங்கள். கடிதத்தில் வயிறு வலிக்க யாருக்கும் முடியும்.

இருபத்தாறு ஆடுகள் போய்விட்டன. நான் எழுத வந்தது அதற்கும் இல்லை.

எல்லாரும் பூனையைச் சொல்கிறார்கள். நோயாடு என்று தெரிந்தே ஓட்டி வந்தாளாம். முதலில் பெரியவர்கள்தான் சொன்னார்கள், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு இப்போது பெயர் பூனை இல்லை, கொல்லி. அவள் நோட்டின் அட்டையில் எழுதுகிறார்கள். பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நான் பார்த்துக் கண்டித்தேன். "அவதானேக்கா கொண்டாந்தா"ன்னு இரும்புக்கடைக்காரர் மகன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். மென்று முழுங்கிவிட்டு வந்தேன்.

ஒரு தாள் அடித்து அனுப்புங்கள். நமக்கு முன்னாடியே தெரியும், நாம் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை என்று. கையால் எழுதி ஒட்டினால் நான் யாரையோ காப்பாற்றுகிறேன் என்பார்கள். உங்கள் தாளில் வந்தால்தான் இந்த ஊரில் அது நிஜம்.

*

ஜூலை 22

உனக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்பது நியாயம். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை அச்சில் போட்டால் அதிகாரி கைக்கும் ஒரு பிரதி போகும். மன்றம் அன்றைக்கே முடிந்தது. டாக்டர் வேலைக்கும் வம்பு வரலாம். பால் நிலையத்தில் உன்னை வைத்திருப்பார்களா? ஆடு செத்த வீட்டுக்காரர்கள்தான் உனக்குப் பால் ஊற்றுகிறவர்கள். நான் இங்கே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் தயங்குகிறேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

நம்ப வேண்டாம். முழு உண்மையும் அது இல்லை. ஒன்பது வருஷம் அந்த ஊரில் என்னை எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. எனக்குப் பிள்ளையில்லை என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இத்தனை பிள்ளைகள் என் பின்னாலேயே திரிந்ததால். இந்த ஊரில் நான் மூன்றாவது மாடிக்காரி, அவ்வளவுதான். அங்கே இருக்கிற பெயரும் போனால் எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த சண்டை வந்தால் இது போய்விடும். கொஞ்சம் பொறு.

அண்ணி

*

ஆகஸ்ட் 1

அண்ணி,

மறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். போன வாரம் காலைப் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பின்னால் நின்றிருந்தாள். பால் ஊற்ற வந்தவர்கள் அவளைவிட்டு விலகி நின்றார்கள். எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அக்கா, நான் அன்னிக்கு வராம இருந்திருந்தா மத்ததெல்லாம் உயிரோட இருந்திருக்குமா?"

கேனை மூடினேன். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

இனிமேல் உங்களை ஒன்றும் கேட்க மாட்டேன்.

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள வாயாடிக்கு,

இருபது நகல் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மேலாளர் இருக்கும்போதே எடுத்தேன். என்ன என்று கேட்டார், ஒன்றைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வார்த்தையை அலங்காரம் பண்ணவில்லை. இவ்வளவுதான் இருக்கிறது:

"மன்றக் குடும்பங்களுக்கு. எடை நாளுக்குப் பத்து நாள் முன்பே ஊரில் ஆட்டு நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும். சேர்ந்து மேய்ந்த ஆடுகளைக் கொண்டுவர வேண்டாம் என்று எழுதப்பட்ட நாலு வரியை, கூட்டம் குறைந்துவிடுமோ என்று பயந்து நான் நீக்கினேன். டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். டிரைவர் வீட்டுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் எங்கள் தாளை நம்பி வந்தாள். உங்கள் பிள்ளைகளின் ஆடுகள் செத்தது என்னால். அவளால் இல்லை."

கீழே என் பெயர். உன் பெயர் வேண்டாம் என்றுதான் "நான்" என்று போட்டேன். அதிகாரிக்கும் ஒன்று தனியாகப் போய்விட்டது. முதல் தாளை அவளிடம் கொடு. மற்றவர்களுக்கு அப்புறம் கொடு.

அண்ணி

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டு பதினாலாம் தேதி வந்தது. ஒவ்வொரு தாளிலும் உங்கள் பெயருக்குக் கீழே, "எனக்கும் தெரியும். தெரிந்தே இதைச் சொல்லாமல் விட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் சொன்னபடி முதலில் டிரைவர் வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. மில் வாசலில் போய் நின்றேன், அந்தம்மா ஒரு வாரம் லீவு என்றார்கள். காத்திருந்தால் மறுபடியும் விட்டுவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம். அதனால் மற்ற வீடுகளுக்குப் போனேன்.

யாரும் கத்தவில்லை, அண்ணி. கத்தியிருந்தால் தேவலை. நர்சம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே, "அங்க வச்சிட்டுப் போ" என்றாள். இரும்புக்கடைக்காரர் மட்டும் நின்று முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "தையல்காரம்மா வீட்ல ஆடு செத்தது எனக்கு அப்பவே காதுல விழுந்துச்சு. உங்க தாளை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இதுல ஒண்ணும் வரலியே, அப்ப சும்மா பேச்சுன்னு நெனச்சுத்தான் பையனை ஓட்டிட்டுப் போகச் சொன்னேன்"னு சொன்னார். அவர் மட்டுமில்லை, நாலைந்து வீட்டில் இதையே சொன்னார்கள். சேதி ஊருக்கே தெரிந்திருக்கிறது. நம் தாளில் இல்லாததால் யாரும் நம்பவில்லை. ஒன்பது வருஷமாக நீங்கள் கண்ணும் கருத்துமாகச் சேர்த்த நம்பிக்கை அது.

அதிகாரி கடிதம் போட்டுவிட்டார். மாத முடிவில் தராசையும் புத்தகங்களையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்தும் ஏன் என்று கேட்கவில்லை. பால் ஊற்றுகிறவர்களில் ஆறு பேர் அடுத்த ஊர் நிலையத்துக்கு மாறிவிட்டார்கள். என் வேலை இந்த மாதம் இருக்கிறது, அப்புறம் தெரியாது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

நேற்று அந்தம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினாள். பூனையை அவளுடைய சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இனி அங்கேதான் படிப்பு. தாளைக் கொடுத்தேன். மெதுவாக, விரலை வைத்துப் படித்தாள். அப்புறம் சொன்னாள்: "அவ அன்னிக்கு வேணாம்னுதாம்மா சொன்னா. மூக்கு ஒழுகுது, மத்ததுக்கு ஒட்டிக்கும்னு அழுதா. நான்தான் நீங்க செருகிட்டுப் போன தாளை எடுத்துப் படிச்சுக் காட்டினேன். இதுல அப்படி ஒண்ணும் போடலியே, பெரியவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அதட்டி அனுப்பினேன்."

பூனையின் விலாசத்தைக் கேட்டேன். நானே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நேரிலேயே போய் இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அந்தம்மா தாளை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாம்மா. அங்க அவளுக்கு ரெண்டு சிநேகிதிங்க கிடைச்சிருக்காங்க. இங்க நடந்தது அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆடுன்னு ஒரு பேச்சு வந்தாலே அவ சாப்பாட்டைத் தள்ளி வச்சிடறா. நீங்க போய் நிக்காதீங்க. கடுதாசியும் போடாதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தொன்பது வீட்டிலும் கொடுத்துவிட்டேன், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் மட்டும் இன்னமும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அண்ணி.